சின்ன ஆபரேஷன்தான் டீச்சர்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் பேசுகிறவர் பாவம், கேட்கிறவர்கள் அதைவிடப் பாவம். கண்ணை மூடிக்கொண்டு கேட்க நினைப்பவர்கள் தாராளமாக மூடிக்கொள்ளலாம். நான் பேச வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த நாட்களைப் பற்றித்தான்.

கடந்த ஜனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி, என் வலது கண்ணில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. கண்புரை இல்லை. கண்ணின் மேற்பரப்பில் வளர்ந்திருந்த சதையை எடுத்தார்கள். 'டெரிஜியம்' என்று சீட்டில் எழுதுவார்கள். கிரேக்க மொழியில் சின்ன இறக்கை என்று பொருளாம். ஈயின் இறக்கை மாதிரி ஒரு முக்கோணம், மூக்குப் பக்கத்து வெள்ளைவிழியில் தொடங்கி, கூர்முனை கருவிழியை நோக்கி நகரும். நம் பக்கத்தில் 'கண்ணில் சதை வளருது' என்போம். பழைய வியாதிதான். சுசுருத சம்ஹிதையிலேயே 'அர்மம்' என்ற பெயரில் இதைச் சொல்லி, அறுத்தெடுக்கும் முறையையும் எழுதியிருக்கிறார்கள்.

நான் வேலை பார்க்கிற பள்ளி தூத்துக்குடி உப்பளப் பகுதியில் இருக்கிறது. 19 வருடமாக ஸ்கூட்டியில் போய் வருகிறேன். சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி, பாத்தியின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். ஆங்காங்கே உடைமரம் தவிர நிழல் கிடையாது. மேலே இருந்து அடிக்கிற வெயிலைத் தலையில் துண்டு போட்டுத் தடுத்துவிடலாம். கீழே இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் திரும்பி அடிக்கிற வெயிலை என்ன செய்வது? ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை நான் இறக்கிவிட்டதே இல்லை. புழுங்குகிறது என்று தூக்கிவிட்டே ஓட்டுவேன்.

மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பக்கவாட்டில் இருந்து கண்ணுக்குள் வரும் ஒளியை, கருவிழிக்கு மேல் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவே ஒரு லென்சாக நின்று குவித்து, எதிர்ப்பக்க ஓரத்தில், அதாவது மூக்குப் பக்க ஓரத்தில் விழச் செய்கிறதாம். புற ஊதாக் கதிர் அங்கே குவிந்து குவிந்து அந்த இடம் கெடுகிறது. சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே வளர்வதற்கு இது ஒரு விளக்கம். குவிலென்சால் காகிதத்தை எரித்துக் காட்டுவோமே, அதையேதான் 19 வருடமாக என் கண்ணுக்குள் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் அது ஒரு சின்ன மஞ்சள் புள்ளியாக இருந்தது. அத்தை நந்தியாவட்டைப் பூவை கண்மேல் வைத்துப் படுக்கச் சொன்னார்கள். குளிர்ச்சியாக இருந்தது, சதை குறையவில்லை. வெயிலில் போய் வந்தால் கண் சிவக்கும். "டீச்சர், அழுதீங்களா?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும். அதற்காக மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட ஆரம்பித்தேன். போட்ட மறுநாளே கண் வெளுத்துவிடும். அற்புதமான மருந்து என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது என்பதும், அதை அப்படி வாங்கிப் போடக் கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. இந்த மருந்தைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருடம் சதை கார்னியாவின் மேல் 3 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. வளர்கிற சதை கார்னியாவைத் தன் பக்கம் இழுத்து, அதன் வளைவையே மாற்றிவிடும். கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே இருந்தது. கரும்பலகையில் நான் எழுதிய எழுத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு மங்கலான எழுத்து, நிழல் மாதிரி தெரிந்தது. இனி தள்ளிப்போட வேண்டாம் என்று திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையில் சொன்னார்கள்.

சதையை வெறுமனே வெட்டி எடுத்தால் பலருக்குத் திரும்ப வளர்ந்துவிடுமாம். அதனால் எடுத்த இடத்தை மூட, அதே கண்ணில் மேல் இமைக்கு அடியில் வெயில் படாமல் இருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டை எடுத்து, இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். நாற்று பறித்து நடுவது மாதிரிதான். சிலருக்குத் தையல் போடுவார்கள். எனக்குப் பசை வைத்து ஒட்டினார்கள். ரத்தம் உறைவதைப் பாடம் நடத்தும்போது ஃபைப்ரின் என்று சொல்வோமே, அந்தப் பசை அதுதான். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருந்தது. 40 நிமிடம் இருக்கும். வெளிச்சமும் ஆட்களின் பேச்சும்தான் தெரிந்தன. கட்டுப் போட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. வார்டில் இருந்த செவிலியர் "சின்ன ஆபரேஷன்தான் டீச்சர்" என்று சொல்லி அனுப்பினார். தப்பில்லை, சின்ன ஆபரேஷன்தான். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வர இருந்த இரண்டு மாதத்தையும் சின்னது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி மரப்பு போனது. உப்பளத்து ஊரில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு உவமை வராது. கல்லுப்பை எடுத்து இமைக்குள் வைத்து மூடியது மாதிரி இருந்தது. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் கார்னியாவும் ஒன்று. ஒரு தூசி விழுந்தாலே துடிக்கிறோமே. அதன் மேல்தோலைச் சுரண்டி எடுத்திருக்கும்போது கேட்க வேண்டுமா? மாத்திரை கொடுத்திருந்தார்கள், போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு மூன்று நாள்தான் இந்த வலி. மேல்தோல் மூடிக்கொள்ள மூடிக்கொள்ளக் குறைந்துவிடும். யாருக்காவது நாள் ஆக ஆக வலி கூடினாலோ, சீழ் மாதிரி வந்தாலோ, பார்வை மங்கிக்கொண்டே போனாலோ, அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போய்விட வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு கண்ணில்தானே கட்டு, இன்னொன்று சும்மாதானே இருக்கிறது என்று, பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான்கு தாள்கூடத் திருத்தியிருக்க மாட்டேன், கட்டுக்குள் இருந்த கண் குத்தி எடுத்தது. இடது கண் வரியைத் தொடர்ந்து இடமும் வலமும் போகும்போது, மூடியிருக்கிற வலது கண்ணும் கூடவே போகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்தே அசையும் என்று எத்தனை வருடம் பாடம் நடத்தியிருப்பேன்! அது தேர்வுக்கான வரி, நமக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. கைப்பேசி பார்ப்பதும் அப்படித்தான். எமிஸ் வருகைப்பதிவைச் சக ஆசிரியை பார்த்துக்கொண்டார். விடைத்தாளில் என் மகள் விடையைப் படிக்க, நான் மதிப்பெண் சொன்னேன். "இந்த அண்ணன் எழுதினது உங்களுக்கே புரியுதாம்மா?" என்று ஒரு தாளைக் காட்டிக் கேட்டாள். பாதித் தாளோடு அவளும் எழுந்து போய்விட்டாள்.

கட்டைப் பிரித்தபின் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வெள்ளைவிழி முழுக்க ரத்தச் சிவப்பு. ஒட்டிய இடம் வீங்கி மேடாக இருந்தது. ஏதோ தவறாகிவிட்டது என்றே நினைத்தேன். மருத்துவர், ரத்தம் கட்டியது வடிய இரண்டு மூன்று வாரம் ஆகும், சிவப்பு முழுசாகப் போக அதற்கு மேலும் ஆகும் என்றார். அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். கசக்கக் கூடாது. தையல் இல்லாமல் பசையில் நிற்கிற சவ்வு, தூக்கத்தில் கை பட்டால்கூட நகர்ந்துவிடலாம். அதற்காக ராத்திரி படுக்கும்போது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தலைக்குக் குளிக்கக் கூடாது, முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, அடுப்புப் புகை, தாளிக்கிற நெடி, தூசி எதுவும் ஆகாது.

பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருப்பதை இங்கே இருக்கிற ஆசிரியைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் நேரம். "சின்ன ஆபரேஷன்தானே" என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி போடுகிற பொறுப்பும் கண்ணில் மூடி வைத்திருக்கிறவளுக்குத்தான். மூன்றாவது நாள் என் கணவர் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் "தூங்குறா" என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். அவர் வாழ்நாளில் எனக்குச் செய்த உதவிகளில் முதல் மூன்றில் இதைச் சேர்ப்பேன்.

சொட்டு மருந்து போடுவதைப் பற்றி இரண்டு நிமிடம். எனக்கு 48 வயது. அதுவரை நான் போட்டது எல்லாமே தப்பு. படுத்துக்கொண்டு, கண்ணை விரித்து, கருவிழியின் நடுவில் விட்டு, உடனே படபடவென்று இமைத்துப் பாதியைக் கன்னத்தில் வழியவிடுவேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அண்ணாந்து மேலே பார்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு பை மாதிரி வரும். அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தில் கண்ணின் மூலையை விரலால் ஒரு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ள வேண்டும். சொட்டு மருந்து போட்டால் தொண்டையில் கசக்கிறதே, ஏன் தெரியுமா? கண்ணின் மூலையில் இருந்து மூக்குக்குள் போகிற கண்ணீர்க் குழாய் வழியாக மருந்து இறங்கிவிடுகிறது. அழுத்தினால் அது கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து போட வேண்டியிருந்தால் நடுவில் 5 நிமிடம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது போய் முதலாவதைக் கழுவிவிடும். திறந்த பாட்டிலைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதனால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டில் அலமாரியில் இருக்கிற பாட்டிலை இன்று போய்ப் பாருங்கள். போன வருடக் கண்வலிக்கு வாங்கியது இன்னும் இருக்கும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 முறை, அடுத்த வாரம் 5, அப்புறம் 4, 3, 2, 1. ஆறு வாரம். ஒட்டிய இடத்தில் அழற்சியைக் குறைத்து, சதை மறுபடி கிளம்பாமல் பார்த்துக்கொள்ள இந்த மருந்து. திடீரென்று நிறுத்தக் கூடாது, இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. இரண்டையும் நான் செய்தேன்.

இரண்டு வாரம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவ விடுப்பு கிடைக்கும், சான்றிதழும் கையில் இருந்தது. எட்டாவது நாளே பள்ளிக்குப் போய்விட்டேன். பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடம் பாக்கி. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, தலைமையாசிரியர் "வராதீங்க"என்றுதான் சொன்னார். நாம் இல்லாவிட்டால் வகுப்பு நடக்காது என்று நமக்கு ஒரு நினைப்பு. அங்கே போனால் சாக்பீஸ் தூசி, மைதானத்துக் காற்று. நான்காவது வாரம் மருந்து தீர்ந்தது. கண்ணும் வெளுத்திருந்தது. சரி, போதும் என்று விட்டுவிட்டேன். ஐந்து நாளில் சிவந்தது. உடனே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மாதப் பரிசோதனைத் தேதியும் அந்த வாரம்தான். ஆனால் அன்றைக்குத்தான் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு. அறிவியல் ஆசிரியை எப்படிப் போவது? மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கினேன். கண் வெளுத்தது. நிறுத்தினால் சிவக்கும் என்ற பயத்தில், தினம் 6 முறை என்று நானே கணக்கு வைத்துக்கொண்டு போட்டேன். கிட்டத்தட்ட ஒரு மாதம்.

மார்ச் நடுவில் போனபோது மருத்துவர் ஒட்டிய இடத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் கண் அழுத்தம் பார்த்தார்கள். 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, என் வலது கண்ணில் 32 இருந்தது. இடது கண்ணில் 15. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். மறுபடியும் 32.

"எத்தனை தடவை போடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கோபப்படவில்லை. சிலருடைய கண்ணில் ஸ்டீராய்டு போட்டால் உள்ளே இருக்கிற நீர் வடிகிற பாதை சரியாக வேலை செய்யாமல் அழுத்தம் ஏறும், யாருக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் ஒரு மாதத்தில் வரச் சொன்னோம் என்றார். வலிக்காது, பெரும்பாலும் சிவக்காது, ஒன்றுமே தெரியாது. அப்படியே விட்டால் பார்வை நரம்பு கெட்டுப்போகும். கெட்ட நரம்பு திரும்ப வராது. கண் நீர் அழுத்த நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில்தான் கொண்டுபோய் விடும். நல்லவேளை, நரம்புக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்த மருந்தை மாற்றி, அழுத்தம் குறைக்க வேறு சொட்டு கொடுத்தார். ஆறு வாரத்தில் 16க்கு வந்தது.

ஆபரேஷன் அன்று ராத்திரி வலியில் நான் அழவில்லை. அன்றைக்குத் திரும்பி வருகிற பேருந்தில் அழுதேன். கண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது. இமைக்கு வெளியே கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வந்தேன். சதை வளர்ந்தது வெயிலால். இது முழுக்க என் கையால் வந்தது. மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று எட்டாம் வகுப்பில் பாடமே நடத்துகிறவள் நான்.

இன்னொரு விஷயமும் அந்த நாட்களில்தான் நடந்தது. பள்ளிக்குத் திரும்பிய வாரம், எட்டாம் வகுப்பில் நான் கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தேன். வெளியே கூலிங் கிளாஸ் போடச் சொல்லியிருந்தார்கள், வெளிச்சம் கூசியதால் உள்ளேயும் கழற்றவில்லை. ஒரு பையன் விசில் அடித்தான். யார் என்று தெரியும், கண்டுகொள்ளவில்லை. ஏன் போட்டிருக்கிறேன் என்று அவர்களுக்கே சொல்லிவிடுவது நல்லது என்று, கண் படம் வரைந்து விளக்கினேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்திலயும் இன்னொரு நிழல் எழுத்து தெரியும். 'க' எழுதினா ரெண்டு 'க' மாதிரி இருக்கும்" என்றேன்.

மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், "எனக்கும் அப்படித்தான் டீச்சர் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தானே?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் மாதம் பார்வைப் பரிசோதனை அட்டையை 6 மீட்டரில் மாட்டி அந்த வகுப்புக்குப் பரிசோதனை செய்தவளே நான்தான். பயிற்சியும் பெற்றவள். அவள் பெயருக்கு நேரே 'சரி' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எப்படி நடந்தது என்று யோசித்தபோது புரிந்தது. நேரம் ஆகிறதே என்று எல்லோரையும் ஒரே வரிசையில், அதே அறையில் நிற்க வைத்திருந்தேன். முன்னால் நின்ற முப்பது பேர் மேலே, கீழே, இடது, வலது என்று கை காட்டியதைப் பார்த்து அவள் அப்படியே சொல்லியிருக்கிறாள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. சரியான விடை சொல்ல வேண்டும் என்றுதான் நாம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். மறுநாள் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசி மூன்று வரி தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்பினோம். கார்னியாவின் வளைவில் கோளாறு, பிறந்ததில் இருந்தே இருக்கலாம் என்றார். கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி வந்தது. போட்ட முதல் நாள் அவள் பாடத்தைக் கவனிக்கவில்லை, ஜன்னல் வழியாக வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பரிசோதனையின்போது ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. இரண்டு பாடவேளை கூடுதலாக ஆகிறது. ஆகட்டும்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் நான்கைந்து அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், உங்களுக்கு எடுத்த சதை எங்களுக்கும் இருக்கு பாருங்க" என்று இமையை விரித்துக் காட்டினார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். விடியும் முன்பே போய், வெயில் ஏறி உப்பு கண்ணைக் கூசும் வரை வாருகிறவர்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, கருவிழிக்குள் ஏறாமல் சின்னதாக இருந்தால் தொப்பியும் பக்கவாட்டை மூடுகிற கண்ணாடியும் உறுத்தலுக்குக் கண்ணீர்ச் சொட்டும் போதும், மெடிக்கலில் கேட்டுச் சிவப்புக்கு மருந்து வாங்காதீர்கள், முதலில் போய்க் காட்டுங்கள் என்று சொன்னேன். கடைசியில் சொன்னதை மூன்று முறை சொன்னேன்.

அதில் ஒருவருக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மாவுக்கு, எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து அவர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை நாளைக்கு வேலைக்குப் போவக் கூடாது டீச்சர்?"

எனக்கு எழுதிக் கொடுத்த இரண்டு வாரம் நினைவுக்கு வந்தது. சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்ன நாட்களை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனவள் நான். அவருக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. இரண்டு வாரம் என்று சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்று போய்விடுவார். ஒரு வாரம் என்று சொன்னால் ஒட்டு ஆறுவதற்குள் உப்புக் காற்றிலும் கூசுகிற வெயிலிலும் நிற்பார். எதைச் சொல்வது என்று தெரியாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வீட்டில் இருந்த அத்தைதான் வழி சொன்னார்கள். "மழைக் காலத்துல அளத்துல ஏது வேலை? ஐப்பசி தாண்டிப் பண்ணச் சொல்லு." வடகிழக்குப் பருவமழையில் உப்பு உற்பத்தி நின்றுவிடும். எப்படியும் கூலி இல்லாத மாதங்கள் அவை, வெயிலும் கம்மி. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். மூன்று மாதம் காத்திருக்கலாம், அதற்கு மேல் தள்ள வேண்டாம் என்றார்.

நவம்பர் நடுவில் அதே மருத்துவமனையின் இலவசப் பிரிவில் அவருக்கு ஆபரேஷன் முடிந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காபி வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், மகள் கோடு போட்ட தாளில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தாள். 6, 5, 4, 3, 2, 1 என்று வாரவாரியாகக் கட்டம். போட்டு முடித்ததற்கெல்லாம் சிவப்புப் பேனாவில் டிக். மாடத்தில் இருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். திறந்த தேதி எழுதியிருந்தது. "அம்மா நிறுத்திரலாமான்னு கேட்டாங்க டீச்சர், நான் விடல" என்றாள்.

அவருடைய ஒரு மாதப் பரிசோதனை வருகிற 18ஆம் தேதி. எனக்கும் ஒரு வருடப் பரிசோதனையை அதே நாளில் கேட்டு வாங்கியிருக்கிறேன். சதை திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு நேரம்தான். தலைமையாசிரியரிடம் இப்போதே விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். காலை 6.10 பேருந்தில் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.